எந்த எடிட்டிங் சொப்ட்வெயார் போடுறது? முதல்முதலா வீடியோ வெட்டப்போற ஆக்களுக்கு

ஏ/எல் சோதினை முடிஞ்சு பிள்ளையள் வீட்டிலை நிக்கிற காலம் வந்தால் எனக்கு மெசேஜ் வரத் தொடங்கீடும். "அக்கா, எடிட்டிங் பழகப்போறன், எந்த சொப்ட்வெயார் போட?" இதுதான் கேள்வி. சிலபேர் "பிரீமியரோ டாவின்சியோ, ஒண்டைச் சொல்லுங்கோ" எண்டு நேராக் கேக்கினம். கலியாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம் எண்டு வீட்டிலை இருந்து வெட்டிக்குடுக்கிற ஆள் நான், எனக்கு இந்தக் கேள்வி வாறதிலை சரியான சந்தோசம், ஏனெண்டால் யாழ்ப்பாணத்திலை கமரா பிடிக்கிற ஆக்கள் கனபேர் இருக்கினம், ஆனா ஆறுதலா இருந்து வடிவா வெட்டுற ஆக்கள் காணாது. அதாலை எல்லாருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பாமல் இதிலை ஒருக்கா முழுசா எழுதிவிடுறன்.

நான் உடனை ஒரு பேர் சொல்லமாட்டன். முதல் நான் திருப்பிக் கேக்கிறது நாலு விசயம்: என்ன கொம்பியூட்டர் வச்சிருக்கிறீங்கள், எதாலை எடுக்கிறீங்கள், தமிழிலை எழுத்துப் போடுவீங்களோ, வெட்டினது எங்க போகப்போகுது. யூடியூப்பிலை "பெஸ்ட் எடிட்டிங் சொப்ட்வெயார்" எண்டு தேடினால் வாற வீடியோவெல்லாம் இங்கிலீசிலை, அந்த ஆக்களிட்டை இருக்கிற மெசினும் வேறை, அவையளுக்குத் தமிழ் எழுத்துப் பிரச்சினை எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது. அவை சொல்லுறது அவைக்குச் சரிதான். எங்கடை வேலைக்கு வேறை கணக்கு.

முதல் தமிழ் எழுத்து. ஏனெண்டால் இதைத்தான் ஒருத்தரும் சொல்லுறேல்லை.

நீங்கள் எந்த சொப்ட்வெயாரை இறக்கினாலும் கிளிப் ஒண்டையும் உள்ளுக்குப் போடமுதல் ஒரு டைட்டில் திறந்து "ஸ்ரீ, கொடியேற்றம், தேர்த்திருவிழா, கௌரி, யாழ்ப்பாணம்" எண்டு அடிச்சுப் பாருங்கோ. "கொ"விலை கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் நிக்கவேணும். யூனிகோட்டிலை (இப்ப கொம்பியூட்டரும் போனும் எழுத்தைச் சேமிக்கிற பொது முறை) உள்ளுக்கு "க" முதல் இருக்கும், உயிர்க்குறி அதுக்குப் பிறகுதான் இருக்கும், கொம்பை முன்னாலை கொண்டுவந்து நிப்பாட்டுறது சொப்ட்வெயாரின்ரை வேலை. அது தெரியாத சொப்ட்வெயாரிலை கொம்பு எழுத்துக்குப் பின்னாலை போய் நிக்கும், சிலநேரம் புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வரும், "ஸ்ரீ" துண்டு துண்டாப் பிரிஞ்சு போகும். பொம்பிளையின்ரை பேர் "கௌரி" எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அது உடைஞ்சு போய் ஸ்கிரீன் முழுக்க வந்தால் அந்தக் குடும்பம் அந்த வீடியோவை எப்பிடி மற்ற ஆக்களுக்குக் காட்டுறது? டொரொன்டோவிலையும் லண்டனிலையும் பாரிசிலையும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் பாக்கிற சாமான் அது.

கேடன்லைவ் எண்ட இலவச எடிட்டிங் சொப்ட்வெயாரிலை இந்தச் சோலி இல்லை, அதுக்குள்ளை எழுத்தை வரையிற பகுதி தமிழை ஒழுங்கா அடுக்கும். பிரீமியரிலை பிரெபரன்சஸுக்குள்ளை போய் கிராபிக்ஸ் பகுதியிலை டெக்ஸ்ட் எஞ்சினை "சவுத் ஏசியன் அன்ட் மிடில் ஈஸ்டேர்ன்" எண்டதுக்கு மாத்தவேணும், மாத்தாமல் விட்டிட்டு "பிரீமியரிலை தமிழ் வராது" எண்டு சொல்லித்திரியிற ஆக்கள் கனபேர். டாவின்சி ரிசோல்விலை "டெக்ஸ்ட்", "டெக்ஸ்ட் பிளஸ்" எண்டு ரெண்டு சாமான் இருக்கு, ரெண்டும் ஒரே மாதிரி நடக்காது, அதாலை ரெண்டிலையும் அந்தச் சொல்லுகளை அடிச்சுப் பாத்து உங்கடை வேர்சனிலை எது சரியா வருதோ அதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. போனிலை இருக்கிற அப்புகளிலை பெரும்பாலும் தமிழ் உடையாமல் வரும், ஆனா கூட வாற வடிவான ஸ்டைல் எழுத்துகளிலை தமிழ் இருக்காது, எதைத் தெரிஞ்சாலும் ஒரே முகம்தான்.

எதிலையும் சரிவரேல்லை எண்டால் ஒரு வழி எப்பவும் இருக்கு. இன்க்ஸ்கேப்பிலையோ கிம்பிலையோ (ரெண்டும் இலவசம்) எழுத்தை அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா எடுத்து, வீடியோவுக்கு மேலை வையுங்கோ. நான் பெரிய டைட்டில்களை இப்பவும் இப்பிடித்தான் செய்யிறனான், எழுத்துக்கு எழுத்து இடைவெளியை என்ரை விருப்பப்படி வைக்கலாம். ஃபொன்ட் எண்டால் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபொன்ட்ஸிலை சும்மா கிடைக்கு.

இங்க ஸ்டூடியோக்களிலை இன்னும் பாமினியிலை அடிக்கிற ஆக்கள் இருக்கினம். அவையளிலை பிழை சொல்லேலாது, பாமினி இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேலை தமிழ் உருவத்தை வச்ச பழைய ஃபொன்ட், அதாலை எந்தப் பழைய சொப்ட்வெயாரிலையும் உடையாமல் வரும். ஆனா அந்த புரொஜெக்டைக் கொண்டுபோய் பாமினி இல்லாத இன்னொரு மெசினிலை திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா ஒரு வரி நிக்கும். யூடியூப் தலைப்பிலையோ சப்டைட்டில் ஃபைலிலையோ அதை ஒட்டவும் ஏலாது. இப்ப பழகத் தொடங்கிற பிள்ளையள் நேரா யூனிகோட்டிலை தொடங்குங்கோ.

அடுத்தது மெசின். எங்கடை வீடுகளிலை பொதுவா இருக்கிறது கம்பசுக்கோ ஒபிசுக்கோ எண்டு வாங்கின லப்டொப், ஐ3 இல்லாட்டி ஐ5, எட்டு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. இதிலை டாவின்சி ரிசோல்வைப் போட்டால் திறக்கும், ஒரு கிளிப்பும் ஓடும், கலர் பக்கம் போய் ரெண்டு நோட் (கலர் மாத்துற ஒவ்வொரு படி) போட்டவுடனை "ஜிபியு மெமரி ஃபுல்", அதாவது கிராபிக்ஸ் மெமரி காணாது எண்டு வரும், பிள்ளை தனக்கு எடிட்டிங் சரிவராது எண்டு நினைச்சு விட்டிட்டுப் போயிடும். எனக்குச் சரியான கவலை இதிலைதான். ரிசோல்வுக்கு 16 ஜிபி ராமாவது வேணும், தனி கிராபிக்ஸ் கார்ட்டும் வேணும். அது உங்களிட்டை இல்லையெண்டால் அது உங்கடை பிழை இல்லை, அந்த சொப்ட்வெயார் அதுக்கெண்டு செய்ததில்லை, அவ்வளவுதான்.

பழைய மெசினுக்கு நான் சொல்லுறது கேடன்லைவ், இல்லாட்டி ஷொட்கட். ரெண்டும் முழுக்க இலவசம், ஓபன் சோர்ஸ், வோட்டர்மார்க் (வீடியோவுக்கு மேலை விழுற சொப்ட்வெயாரின்ரை பேர்) இல்லை, டிரையல் முடிஞ்சுது எண்டு ஒருநாளும் சொல்லாது. ரிசோல்வ் சில ஜிபி இறக்கவேணும், டேட்டா போட்டு இன்டர்நெட் பாவிக்கிற ஆக்களுக்கு அது லேசான விசயமில்லை, இதுகள் அதோடை பாக்கேக்க சரியான சின்ன ஃபைல். ஆனா எந்த சொப்ட்வெயார் எண்டாலும் "புரொக்சி" எண்ட ஒண்டை முதல் கிழமையே பழகுங்கோ. பெரிய கிளிப்புக்கு ஒரு சின்னப் பிரதி செய்து அதை வச்சு வெட்டுறது, கடைசியா ரென்டர் போடேக்க, அதாவது வெட்டினதை ஒரு முழு வீடியோ ஃபைலா எடுக்கேக்க, சொப்ட்வெயாரே திருப்பி ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். கேடன்லைவிலை இதைத் தானாச் செய்யச் சொல்லி வச்சுவிடலாம். 4கேயிலை எடுத்த கிளிப் பழைய லப்டொப்பிலை இழுபட்டு இழுபட்டு ஓடும், புரொக்சி போட்டவுடனை விட்டுவிட்டு நிக்காமல் ஓடும். புது லப்டொப் வாங்கவேணும் எண்டு அப்பாவை அந்தரப்படுத்தமுதல் இதைச் செய்து பாருங்கோ.

கரண்டைப் பற்றியும் சொல்லவேணும். 2022 மார்ச் கடைசியிலை ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டதை நாங்கள் ஒருத்தரும் மறக்கேல்லை, இப்ப அப்பிடி இல்லையெண்டாலும் மழைக்காலத்திலை சட்டெண்டு போறது போகத்தான் செய்யும். லப்டொப் எண்டால் பற்றரி தாங்கும். டெஸ்க்டொப் எண்டால் ஒரு யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் தொடங்காதேங்கோ, ரென்டர் பாதியிலை நிண்டால் முதலிலையிருந்து போடவேணும். கேடன்லைவ் இடைக்கிடை தானாச் சேமிச்சு வைக்கும், திருப்பித் திறக்கேக்க "மீட்கவோ" எண்டு கேக்கும். ரிசோல்விலையும் லைவ் சேவ் இருக்கு, அது ஓனிலை இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துவிடுங்கோ.

எதாலை எடுக்கிறீங்கள் எண்டு ஏன் கேக்கிறன் எண்டால், போன். இப்ப கனபேர் போனாலைதான் எடுக்கினம், நல்லாவும் வருது. ஆனா போன் எடுக்கிற வீடியோவிலை ஃபிரேம் ரேட் (ஒரு செக்கனுக்கு எத்தினை படம் எண்டது) ஒரு அளவா இருக்காது, வெளிச்சம் குறைஞ்சால் குறையும், கூடினால் கூடும். ரெண்டு நிமிசக் கிளிப்பிலை இது தெரியவே தெரியாது. ஒரு அரங்கேற்றத்தை நிப்பாட்டாமல் எடுத்தீங்கள் எண்டால் தெரியும். தொடக்கத்திலை புஷ்பாஞ்சலிக்குச் சரியா இருக்கும், வர்ணம் வரேக்க ஏதோ ஒரு மாதிரி இருக்கும், தில்லானா வரேக்க பிள்ளையின்ரை கால் நிலத்திலை பட்டதுக்குப் பிறகு சலங்கைச் சத்தம் வரும். நட்டுவாங்கம் செய்த ரீச்சர் அதைப் பாத்தால் மனம் உடைஞ்சு போவா. ஷொட்கட்டும் கேடன்லைவும் இந்த மாதிரிக் கிளிப்பைப் போட்டவுடனை கண்டுபிடிச்சு "எடிட் பண்ணச் சுகமான மாதிரி மாத்தித் தரவோ" எண்டு கேக்கும், ஓம் எண்டு குடுங்கோ. மற்றதுகளுக்கு ஹான்ட்பிரேக் எண்ட இலவச சொப்ட்வெயாரிலை "கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" எண்டதைத் தெரிஞ்சு மாத்திப்போட்டு உள்ளுக்குக் கொண்டுவாங்கோ. ஐபோன் ஆக்கள் செட்டிங்ஸிலை கமரா, ஃபோர்மட்ஸ் எண்டு போய் "மோஸ்ட் கொம்பாட்டிபிள்" எண்டு வச்சால் பழைய லப்டொப்புக்கு எவ்வளவோ பாரம் குறையும்.

இதோடை சேர்ந்தது, புரொஜெக்ட் தொடங்கேக்க ஃபிரேம் ரேட் 25ஓ 30ஓ எண்டு கேக்கும். எங்கடை நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து டியூப்லைட்டுக்குக் கீழை, கோயில் வீதியிலை கட்டின எல்ஈடி வெளிச்சத்துக்குக் கீழை ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கமரா வெளிச்சம் வாங்கிற நேரம்) செக்கனிலை 60இலை ஒண்டு எண்டு வச்சு எடுத்தால் படத்திலை கறுப்புக் கோடுகள் மேலையும் கீழையுமா ஓடும். 50இலை ஒண்டு எண்டு வச்சால் நிண்டிடும். கமரா எண்டால் 25 ஃபிரேமும் 50 ஷட்டரும் வச்சு எடுங்கோ, புரொஜெக்டையும் 25இலை தொடங்குங்கோ. ரிசோல்விலை கிளிப்பை உள்ளுக்குப் போட்ட பிறகு புரொஜெக்டின்ரை ஃபிரேம் ரேட்டை மாத்த விடாது, அதாலை இதை முதலே பாக்கவேணும். கோடு விழுந்த வீடியோவை வெட்டேக்க சரிப்பண்ணுறது பெரிய மினக்கேடு.

சரி, இனி ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

கப்கட்டை எல்லாருக்கும் தெரியும். டிக்டொக் வச்சிருக்கிற பைட்டான்ஸின்ரை சாமான். ரீல்ஸ், ஷோர்ட்ஸ் மட்டும்தான் செய்யப்போறன் எண்டால் போனிலை அதைப் பாவியுங்கோ, கையிலை உடனை வரும், நான் குறை சொல்லேல்லை. ஆனா முந்திச் சும்மா கிடைச்ச சில விசயங்கள் இப்ப காசு கட்டுற ப்ரோ பதிப்புக்குப் போயிட்டுது. 2025 ஜனவரியிலை அமெரிக்காவிலை டிக்டொக்கோடை சேர்த்து இதுவும் கொஞ்சநாள் நிண்டது, அங்க இருக்கிற எங்கடை ஆக்களுக்கு ஒரு இரவுக்குள்ளை திறக்கேலாமல் போச்சு. தொழிலா இதைச் செய்யப்போறன் எண்டால் உங்கடை முழு வேலையையும் அப்பிடி ஒண்டுக்குள்ளை வச்சிருக்காதேங்கோ. போனுக்கு விஎன் எண்டும் ஒண்டு இருக்கு, அதுவும் நல்லது. கைன்மாஸ்டர் இலவசமாப் பாவிச்சால் மூலையிலை தன்ரை பேரைப் போடும்.

விண்டோசிலை முந்தி இருந்த மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் 2017இலை நிப்பாட்டிப்போட்டுது. இப்ப விண்டோஸ் 11ஓடை கிளிப்சாம்ப் வருது, 1080பி வரைக்கும் வோட்டர்மார்க் இல்லாமல் தரும். பிறந்தநாள் வீடியோ ஒண்டு, பள்ளிக்கூட வேலை ஒண்டு எண்டால் அது காணும். ஃபில்மோரா பழக லேசு, ஆனா காசு கட்டாட்டி எக்ஸ்போர்ட்டிலை வோட்டர்மார்க் விழும், முழு வீடியோவையும் வெட்டி முடிச்ச பிறகுதான் கனபேர் அதைக் காணினம். மக் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஐமூவி சும்மா கிடைக்குது, அதிலை தொடங்கிப் பிறகு ஃபைனல் கட்டுக்குப் போகலாம்.

பிரீமியர் நல்ல சாமான், நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். 1991இலையிருந்து இருக்கு, கொழும்பிலை விளம்பரக் கொம்பனியளிலை வேலைக்குப் போறதெண்டால் அது தெரிஞ்சிருக்கவேணும். ஆனா 2013க்குப் பிறகு அடோபி இந்த சொப்ட்வெயாரை வாடகைக்குத்தான் தருது, ஒருக்கா வாங்கி வச்சிருக்க ஏலாது, மாதாமாதம் இருபத்திச்சொச்ச டொலர். எங்கடை காசிலை ஏழாயிரம் மட்டிலை வரும். 2022இலை டொலர் 200 ரூபாவிலையிருந்து 360 மட்டும் ஏறின நேரத்தை யோசிச்சுப் பாருங்கோ, இங்க ரூபாயிலை உழைச்சு டொலரிலை கட்டுற ஆளுக்கு அந்த வாடகை சில மாசத்துக்குள்ளை பாரமாப் போயிட்டுது. மாதம் ரெண்டு மூண்டு வேலை நிச்சயமா வரத் தொடங்கினால் அப்ப யோசியுங்கோ.

அதாலை என்ன செய்யினம்? கடையிலை குடுத்து கிராக் போடுவிக்கினம். இதை நான் மனசார வேண்டாம் எண்டு சொல்லுறன். அந்த கிராக் ஃபைலை ஓடவிட முதல் அன்ரிவைரஸை நிப்பாட்டச் சொல்லுவினம், அந்த நேரத்திலை உள்ளுக்கு என்ன வருது எண்டு போட்டுத்தாற ஆளுக்கே தெரியாது. ஒருத்தற்றை கலியாணவீடு முழுக்க உங்கடை ஹார்ட் டிஸ்கிலை இருக்கு, அது திரும்ப ஒருக்கா நடக்காது. ரான்சம்வெயார் வந்து அத்தனை ஃபைலையும் பூட்டினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்லுறது? காசில்லாமல் நேர்மையாக் கிடைக்கிற நல்ல சாமான் இவ்வளவு இருக்கேக்க உந்த வழிக்குப் போகத் தேவையே இல்லை.

டாவின்சி ரிசோல்வ். எனக்குச் சரியான விருப்பம் இதிலை. முதல் அது படத்துக்குக் கலர் செய்யிற தனிப்பெரிய மெசினோடை வந்த சாமான், 2009இலை அவுஸ்திரேலியாவின்ரை பிளக்மஜிக் கொம்பனி வாங்கிச்சுது, பிறகு வெட்டுறது, சத்தம், கிராபிக்ஸ் எல்லாத்தையும் ஒண்டுக்குள்ளை கொண்டுவந்திட்டினம். இலவசப் பதிப்பிலையே 4கே வரைக்கும் வோட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். ஸ்டூடியோ பதிப்பு 295 டொலர், ஒருக்காக் கட்டினால் சரி. இலவசத்திலை இல்லாத முக்கியமான ஒண்டு நொய்ஸ் (இருட்டிலை எடுத்தால் படத்திலை விழுற புள்ளி புள்ளி) குறைக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரவிலை எடுக்கிற ஆக்களுக்கு அது தேவைப்படும், அதை இலவசப் பதிப்பிலை போட்டுப் பாத்தால் படத்துக்கு மேலை எழுத்து விழும், பயப்படாமல் அந்த எஃபெக்டை எடுத்துவிட்டால் போயிடும். கூறைச்சீலையின்ரை சிவப்பை இந்தக் கலர் பக்கத்திலை சரிப்பண்ணுறது போலை வேறை எதிலையும் எனக்கு வந்ததில்லை. போன் கமரா அந்தச் சிவப்பை ஒரே தட்டையா, சரிகை தெரியாமல் எடுக்கும், இதிலை சிவப்பை மட்டும் பிடிச்சுக் கொஞ்சம் இறக்கினால் சரிகை திரும்பி வெளியிலை வரும், முகத்து நிறத்திலை கை படாது. மெசின் இருக்கெண்டால் முதல் நாளிலையிருந்து இதிலையே பழகுங்கோ, வேறை ஒண்டிலை தொடங்கிப் பிறகு மாறத் தேவையில்லை.

எதைப் போட்டாலும் எஃபெக்டுக்கும் டிரான்சிசனுக்கும் ஓடாதேங்கோ. பக்கம் புரளுறது, இதயம் பறக்கிறது எல்லாம் பழைய கலியாணவீட்டுக் கசெற்றிலை பாத்திட்டம். முதல் பழகவேண்டியது சத்தத்தையும் படத்தையும் தனித்தனியா வெட்டுறது. நான் பழக வாற பிள்ளையளுக்குக் குடுக்கிற பயிற்சி தாலி கட்டுற இடம். ஐயர் மந்திரம் சொல்லுறார், மாப்பிள்ளையின்ரை கை தாலியை எடுக்குது, இந்தப் படம் இன்னும் ஓடேக்கயே கெட்டிமேளச் சத்தத்தைக் கொஞ்சம் முந்தியே கொண்டுவந்து கீழை வையுங்கோ, பிறகு தவில்காரற்றை கையைக் காட்டுங்கோ, பிறகு அம்மாவின்ரை முகம். சத்தம் முதல், படம் பிறகு. கேடன்லைவிலை கிளிப்பிலை ரைட் கிளிக் பண்ணி சத்தத்தைப் படத்திலையிருந்து பிரிச்செடுத்தால் இதைச் செய்யலாம், ரிசோல்விலை கீபோட்டிலை இருக்கிற ஓல்ட் (Alt) கீயைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தால் ஒண்டை மட்டும் நீட்டலாம். இது கைக்கு வந்தால் எந்த சொப்ட்வெயாருக்கு மாறினாலும் ஒரு கிழமையிலை பிடிச்சிடுவீங்கள், பட்டன் இருக்கிற இடம்தான் மாறும்.

பாட்டுப் போடுறதிலையும் கவனம். சினிமாப் பாட்டுப் போட்டு யூடியூப்பிலை ஏத்தினால் கொப்பிரைட் கிளெய்ம் வரும், சில நாட்டிலை வீடியோவே தெரியாமல் போகும், வெளிநாட்டுச் சொந்தங்களுக்கெண்டு ஏத்தினது அவைக்கே ஓடாட்டி என்ன பிரயோசனம். யூடியூப்பின்ரை ஓடியோ லைப்ரரியிலை சும்மா எடுக்கலாம், இல்லாட்டி அண்டு வாசிச்ச நாதஸ்வரத்தையே வடிவாப் பதிஞ்சு வச்சுக்கொள்ளுங்கோ, அதைவிட நல்ல மியூசிக் அந்த வீடியோவுக்கு வேறை இல்லை.

எக்ஸ்போர்ட் போடேக்க எம்பி4, எச்.264, 1080பி எண்டு எடுத்தால் எல்லா போனிலையும் ரீவியிலையும் ஓடும். வட்ஸ்அப்பிலை அனுப்புறதெண்டால் வீடியோவா அனுப்பாமல் டொக்கியூமென்ட் எண்டு அனுப்புங்கோ, இல்லாட்டி அது நசிச்சு நசிச்சு முகம் தெரியாமல் ஆக்கிவிடும். ஒரிஜினல் கிளிப்புகளை ரெண்டு இடத்திலை வச்சிருங்கோ, குடும்பம் முழுசாப் பாத்துச் சரி எண்டு சொல்லுமட்டும் மெமரி கார்டை அழிக்காதேங்கோ.

பிளக்மஜிக்கின்ரை வெப்சைட்டிலை ரிசோல்வ் பழகுற புத்தகங்கள் பிடிஎஃபா, பயிற்சிக் கிளிப்புகளோடை, சும்மா தந்திருக்கினம். எல்லாம் இங்கிலீசிலை. இங்கிலீசாலை தயங்கிற பிள்ளையளுக்கெண்டு அதிலை இருக்கிற கலர் விசயங்களை எங்கடை கலியாணவீட்டு வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரித் தமிழிலை எழுதத் தொடங்கியிருக்கிறன், முதல் பகுதி கூறைச்சீலைச் சிவப்பும் மண்டபத்து மஞ்சள் லைட்டும். அதுக்கிடையிலை மெசின் என்ன எண்டு தெரியாமல் இருக்கிற ஆக்கள் விண்டோஸ் கீயையும் போஸ் (Pause) கீயையும் சேர்த்து அமத்தினால் ராம் எவ்வளவு எண்டு வரும், அதைப் பாத்து வச்சுக்கொண்டு கேளுங்கோ.